பெயர் அழிக்கப்பட்ட கடவுளைப் படிப்பது எப்படி?

டார்க் சோல்ஸ் கேமை முதன்முறையாக முடித்த ஒருவரிடம் கதை என்னவென்று கேட்டுப் பாருங்கள். "கடைசியில் ஒரு வயதான ராஜாவைக் கொன்றேன், தீ பற்றிக்கொண்டது, அவ்வளவுதான்" என்பார். நாள்கணக்கில் அந்த உலகத்தில் அலைந்தவர் சொல்லும் பதில் அது. அவர் கவனமில்லாமல் விளையாடிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த கேம் தன் கடவுள்களின் கதையை நம்மை உட்காரவைத்துச் சொல்வதே கிடையாது. ஒரு மோதிரத்தின் குறிப்பில் அரை வரி, ஒரு பலிபீடத்தில் உடைந்த சிலை, ஒரு கல்லறைக்குப் பின்னால் ஒரு பெட்டி என்று அங்கங்கே போட்டுவைத்திருக்கிறது. பொறுக்கி எடுத்துக் கோப்பது நம் வேலை.

இப்படிக் கோப்பதைத்தான் விளையாடுகிறவர்கள் லோர் படிப்பது என்கிறார்கள். லோர் என்றால் ஒரு கற்பனை உலகத்தின் பின்கதை: நாம் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் யார் ஆண்டார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்தக் கடவுள் எதற்காக ஊரை விட்டுப் போனார் என்பதெல்லாம். சில கேம்களில் அது நூலகத்துப் புத்தகங்களாகக் கிடைக்கும். இங்கே துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாக் கடவுள்களையும் ஒரே சமயத்தில் பிடிக்கப் போய்த் திணறிவிடுகிறார்கள். ஆகவே ஒரே ஒரு கடவுளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவருக்குப் பெயர் கிடையாது. இருந்த பெயரையும் அழித்துவிட்டார்கள். அவரை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்று பார்த்தாலே மற்றவர்களைப் படிக்கும் பழக்கமும் வந்துவிடும். டார்க் சோல்ஸ் முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் இன்னும் விளையாடாதவர்கள், பல ரகசியங்கள் இங்கே உடையும் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதலில், இப்படியொரு முறை எங்கிருந்து வந்தது என்பது. 2011இல் வந்த டார்க் சோல்ஸை இயக்கியவர் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஹிடெடாக்கா மியாசாக்கி. அவர் வசதியில்லாத குடும்பத்தில் வளர்ந்தவர். புத்தகம் வாங்கப் பணம் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்து படிப்பார். வயதுக்கு மீறிய புத்தகங்கள் என்பதால் பல இடங்கள் புரியாது. புரியாத இடத்தை அங்கிருக்கும் படங்களைப் பார்த்துத் தானே கற்பனையில் நிரப்பிக்கொள்வார். தன் கேம்களின் கதைசொல்லலுக்கு அந்த அனுபவம்தான் வேர் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நம்மில் பலர் இந்த கேம்களை அப்படித்தானே விளையாடினோம்? ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. படம் மட்டும் கண்முன்னே இருக்கும். பாதி புரிந்த வாக்கியத்துக்கும் முழுதாய்த் தெரிகிற சிலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நாமே ஒரு கதையைக் கட்டுவோம். அதைக் குறை என்று நினைத்து வெட்கப்பட்டவர்கள் உண்டு. அந்த உலகத்தைப் படைத்தவர் அதே நிலையிலிருந்துதான் அதைப் படைத்திருக்கிறார்.

இப்போது குடும்பத்தைப் பார்ப்போம். தொடக்கக் காட்சியில் ஒரு குரல் சொல்வது இது: ஆதியில் உலகம் உருவமில்லாமல், பனிமூட்டத்தில் கிடந்தது, சாவே இல்லாத டிராகன்கள் ஆண்டன. பிறகு தீ தோன்றியது. தீயோடு வெப்பமும் குளிரும், வாழ்வும் சாவும், ஒளியும் இருளும் வந்தன. இருளிலிருந்து வந்த சிலர் அந்தத் தீயில் பெரும் ஆன்மாக்களைக் கண்டெடுத்தார்கள். சாவின் தலைவன் நிட்டோ, இஸலித் சூனியக்காரி, சூரிய ஒளியின் தலைவன் க்வின். நான்காவதாக ஒருவன், எல்லோரும் எளிதில் மறந்துவிடும் ஒரு பிக்மி, அதாவது குள்ளன். க்வின் மின்னலை ஏந்தி டிராகன்களை அழித்தான். டிராகன் இனத்தில் ஒருவனான ஸீத் தன் இனத்தையே காட்டிக்கொடுத்தான். அப்படிப் பிறந்தது தீயின் யுகம், கடவுள்களின் யுகம்.

க்வினின் பிள்ளைகளாக நமக்குத் தெரியவருகிறவர்கள் மகள் க்வினிவியரும், நிலவின் சக்தி மிகுந்திருந்ததால் பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட க்வின்டோலினும். இருவரையும் அனோர் லொண்டோ என்ற கடவுள்களின் நகரத்தில் சந்திக்கலாம். மூத்த பிள்ளை ஒருவன் இருந்தான் என்பதைத் தொடக்கக் காட்சி சொல்வதில்லை. எந்தப் பாத்திரமும் நம்மை நிறுத்திவைத்துச் சொல்வதில்லை. அவன் இருந்ததே மெனுவைத் திறந்து பொருள்களின் குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று குறிப்புகள் இருக்கின்றன. சூரியனின் மூத்த பிள்ளையின் மோதிரம் ஒன்று உண்டு. க்வினின் தலைமகன் போர்க்கடவுள் என்றும், அவனுடைய முட்டாள்தனத்தால் வரலாற்று ஏடுகள் தொலைந்தன என்றும், அவனுடைய தெய்வ நிலை பறிக்கப்பட்டது என்றும், இன்றைக்கு அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது என்றும் அதன் குறிப்பு சொல்கிறது. அடுத்தது சூரியப் பதக்கம். மற்றவர்களுக்கு உதவி செய்து ஜெயிக்கவைத்தால் கிடைப்பது. தொட்டால் லேசான கதகதப்பு இருக்குமாம். அதில் பொறித்திருக்கும் சின்னம் அந்தத் தலைமகனுடையது, ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டாலும் அந்தப் பழைய போர்க்கடவுள் இன்னும் தன் வீரர்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறான் என்கிறது பதக்கத்தின் குறிப்பு. மூன்றாவது, ஆயுதத்தில் மின்னலை ஏற்றும் ஒரு மந்திரம். தெய்வ நிலை பறிபோனபோது மூத்த மகன் இதைத் தன் தகப்பனின் சவப்பெட்டி மேல் விட்டுவிட்டுப் போனான், கடைசி விடையாக இருக்கலாம் என்பது அதன் குறிப்பு.

கொஞ்சம் நில்லுங்கள். மூன்றும் ஒரே ஆளைப் பற்றியவை. ஆனால் மூன்றின் குரலும் ஒன்றாக இருக்கிறதா?

மோதிரம் பேசுவது அரண்மனைக் குரல். "முட்டாள்தனம்" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது, குற்றம் என்னவென்று மட்டும் சொல்லவில்லை. பதக்கம் பேசுவது பக்தனின் குரல். கைவிடப்பட்டாலும் எங்கள் சாமி எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்கிற குரல். மந்திரத்தின் குறிப்போ பக்கத்தில் நின்று பார்த்த யாரோ ஒருவருடையது போல் இருக்கிறது; மகனின் மனசுக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை, அதனால்தான் "இருக்கலாம்" போடுகிறார். லோர் படிப்பதில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதோடு நிறுத்தாமல், இதை யார் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். தண்டனை கொடுத்த வீட்டின் ஏட்டில் குற்றவாளியைப் பற்றி நல்ல வார்த்தை இருக்காது.

பெயரை அழிப்பது கற்பனையில் மட்டும் நடப்பதில்லை. எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட் என்ற பெண் அரசரின் உருவங்களையும் பெயரையும் அவருக்குப் பின் வந்த மூன்றாம் துட்மோஸின் காலத்தில் கோயில் சுவர்களிலிருந்து உளியால் செதுக்கி எடுத்தார்கள். உளி பட்ட இடம் மட்டும் உருவத்தின் வடிவத்திலேயே தங்கிவிட்டது. இல்லாததுதான் அங்கே தடயம். டார்க் சோல்ஸிலும் சூரிய பலிபீடம் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, தீ உமிழும் வைவர்ன் (ஒருவகை டிராகன்) காவல் காக்கும் பாலத்துக்கு அடியில். அங்கே இருக்கும் சிலை உடைந்து கிடக்கிறது, முகம் இல்லை. சூரிய வீரர்கள் பதக்கங்களைக் கொண்டுவந்து காணிக்கை வைப்பது அந்த முகமில்லாத சிலைக்குத்தான். உரையாடலே இல்லாமல் அந்த இடம் நமக்குச் சொல்லிவிடுகிறது: இந்தக் கடவுளை அழிக்கப் பார்த்தார்கள், கும்பிடுகிறவர்கள் விடவில்லை.

சொலேர்தான் அந்த மகனா?

இனி என் கதை. அந்தப் பலிபீடத்துக்கு அருகே ஒரு மாடத்தில் சூரியனைப் பார்த்தபடி ஒரு வீரன் நிற்பான். ஆஸ்டோரா நாட்டு சொலேர். டார்க் சோல்ஸ் விளையாடிய எல்லோருக்கும் பிடித்த மனிதன். எல்லாம் செத்துக்கொண்டிருக்கும் உலகத்தில் சிரித்துப் பேசுகிற ஒரே ஆள். தனக்கென்று ஒரு சூரியனைத் தேடி வந்ததாகச் சொல்வான். மின்னல் ஈட்டி எறிவான். அவன் உயிரோடு இருக்கும்படி நாம் பார்த்துக்கொண்டால், கடைசிச் சண்டையில், க்வினுக்கு எதிராக, அவனை உதவிக்கு அழைக்க முடியும்.

இந்தப் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். சூரியன், மின்னல், பலிபீடம், கடைசியில் க்வினோடு மோதல். ஞாபகம் தொலைத்த தலைமகன் தன்னை அறியாமலே தகப்பனைத் தேடி வந்து, அணையும் தீயைக் காக்கத் தன்னையே கொடுத்து அதில் வெந்து உலர்ந்துபோன அந்தத் தகப்பனுக்கு விடுதலை கொடுக்கிறான்! முதல் பாகம் வந்த பிறகு வருடக்கணக்கில் பல பேர் இதை நம்பினார்கள். நானும் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் ஆதாரம் இல்லை. அந்தக் கதை அவ்வளவு அழகாக இருந்தது.

அவனுடைய கேடயத்தின் குறிப்பை நான் அப்போது படிக்கவே இல்லை. அதில் தெளிவாக எழுதியிருக்கிறது: கேடயத்தில் இருக்கும் புனிதச் சின்னத்தை வரைந்தவன் சொலேரேதான், அதற்குத் தெய்வ சக்தி எதுவும் கிடையாது, அவனுடைய அசாத்திய வீரம் அவன் செய்த பயிற்சியால் வந்தது, வேறு எதனாலும் இல்லை. வாளின் குறிப்பும் அதே மாதிரிதான்: நன்றாக அடித்த, பத்திரமாகப் பராமரித்த சாதாரண வாள், பெரிய பெயருக்கு ஏற்ற மகிமை இல்லை.

எழுதியவர்கள் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு விஷயத்தை மறுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சொலேர் கடவுளின் மகன் என்று ஆக்கிவிட்டால் அவனுடைய நல்ல குணம் ரத்தத்தில் வந்ததாகிவிடும். எந்தச் சக்தியும் இல்லாத ஒரு மனிதன் தானே ஒரு சூரியனை வரைந்து மார்பில் மாட்டிக்கொண்டு நடக்கிறான் என்பதுதான் அங்கே எழுதப்பட்டிருக்கும் கதை. நான் கட்டிய கதையைவிட அது பெரியது. கண்ணால் பார்க்கும் சாட்சியும் இருந்தது: அந்த உலகத்தில் க்வின் குடும்பத்தார் மனிதர்களைவிட உருவத்தில் பெரியவர்கள். சொலேர் நம் உயரம்தான்.

உங்களுக்கு எந்த விளக்கம் மிகவும் பிடித்திருக்கிறதோ, அதற்கு எதிரான வரியை முதலில் தேடுங்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். ஆதரவான வரிகள் தாமாகவே கண்ணில் படும். எதிரான வரியைத் தேடிப் போனால்தான் கிடைக்கும், பெரும்பாலும் அது அந்தப் பாத்திரத்தின் சொந்தப் பொருள்களிலேயே இருக்கும்.

2016இல் மூன்றாம் பாகம் வந்தபோது பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆர்ச்டிராகன் பீக் என்ற மலையுச்சி. கதையை முடிக்க அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. தேடிப்போனால்தான் கிடைக்கும் இடம். மேகங்களுக்கு மேலே, புயல் டிராகன் ஒன்றின் முதுகில் ஏறி ஒருவன் வருகிறான். திரையின் அடியில் பாஸ், அதாவது நாம் மோதும் பெரிய எதிரியின் பெயர் வரும் இடத்தில் முதலில் வாகனத்தின் பெயர் இருக்கும். டிராகன் வீழ்ந்து அவன் தரையிறங்கியதும் அந்த இடத்தில் எழுத்து மாறுகிறது: பெயரற்ற மன்னன். உயரமான உருவம், பறக்கும் வெண்முடி, கையில் மின்னல் ஏறிய ஈட்டி.

அவனைக் கொன்றதும் கிடைக்கும் ஆன்மாவின் குறிப்பு சொல்கிறது: இவன் ஒரு காலத்தில் டிராகன்களை அழித்த போர்க்கடவுள், பிறகு எல்லாவற்றையும் தியாகம் செய்துவிட்டு ஆதி டிராகன்களோடு சேர்ந்துகொண்டான். அவனுடைய பொற்கிரீடம் முதல் தலைவனுடைய, அதாவது க்வினுடைய, கிரீடத்தைப் போலவே இருப்பதாகச் சொல்வார்கள் என்கிறது கிரீடத்தின் குறிப்பு. அவனுடைய மின்னல் மந்திரம் அவனுக்கும் அந்தப் புயல் டிராகனுக்கும் இருந்த பந்தத்தைப் பற்றிய கதையாக இருக்கக்கூடும் என்கிறது இன்னொன்று.

இப்போது முதல் பாகத்து மோதிரத்துக்குத் திரும்புங்கள். "முட்டாள்தனம்" என்று ஒரு சொல் ஐந்து வருடமாகப் பொருள் தெரியாமல் அங்கேயே கிடந்தது. தகப்பன் வேரோடு அழிக்க நினைத்த எதிரியோடு மகன் நட்பானான். அரண்மனை அதற்கு வைத்த பெயர்தான் அந்தச் சொல். அதைப் படித்த இரவு நான் முதல் பாகத்தைத் திரும்ப இறக்கி, அந்த மோதிரத்தின் குறிப்பை மட்டும் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் நான் படித்தது வேறு வாக்கியம்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? "பெயரற்ற மன்னன்தான் க்வினின் தலைமகன்" என்று ஒரே வாக்கியமாக மூன்றாம் பாகத்தின் குறிப்புகள் சொல்வதில்லை. போர்க்கடவுள் என்பது ஒரு குறிப்பில், பெயர் அழிந்தது இன்னொன்றில், கிரீடத்தின் ஒற்றுமை மற்றொன்றில். தனித்தனியாகக் கிடைத்த சாட்சிகள், ஒன்றையொன்று நம்பி நிற்காதவை, எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட முடிவை உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம். சொலேர் கதையில் அது கிடையாது. அங்கே எல்லாப் புள்ளிகளும் "அவனுக்கு சூரியன் பிடிக்கும்" என்ற ஒரே விஷயத்தின் வேறு வேறு வடிவங்கள். எண்ணிக்கையில் நான்கு, சாட்சியாக ஒன்று.

முரண்பட்டால் என்ன செய்வது?

அனோர் லொண்டோவில் க்வினிவியரைப் பார்க்கிறோம். பிரமாண்டமான உருவம், பொன்னிற வெயில், கனிவான பேச்சு. ஆனால் ஒரு மோதிரத்தின் குறிப்பில் க்வினிவியர் மற்றக் கடவுள்களோடு அனோர் லொண்டோவை விட்டுப் போய்விட்டதாகவும், பிறகு தீக்கடவுள் ஃப்ளானின் மனைவியானதாகவும் இருக்கிறது. போய்விட்டவள் எப்படி இங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

எழுதியவர்கள் தவறவிட்டுவிட்டார்கள் என்று தாண்டிப் போகத் தோன்றும். வில்லை எடுத்து அவள்மேல் ஒரே ஒரு அம்பு விடுங்கள். அவள் மறைந்துபோவாள். கூடவே நகரம் முழுவதும் இருந்த வெயிலும் அணைந்து, எங்கும் இருட்டிவிடும். அவளும் மாயை, அந்த வெயிலும் மாயை. ஆளில்லாத நகரத்தில் தம்பி க்வின்டோலின் ஒருவனே இருந்துகொண்டு, அக்கா இருப்பதாகவும் சூரியன் இருப்பதாகவும் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். முரண்பாடுதான் வாசல். இந்தக் காட்சிக்காகவே டார்க் சோல்ஸை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன்.

எல்லா முரணும் இப்படி அழகாகத் திறந்துகொள்ளாது. ஆர்ன்ஸ்டைன் என்ற சிங்க முகக் கவச வீரனை முதல் பாகத்தில் அதே அனோர் லொண்டோவில் கொல்கிறோம். மூன்றாம் பாகத்தில், அதே மலையுச்சியில் கிடைக்கும் அவனுடைய தலைக்கவசத்தின் குறிப்போ, பாழான தேவாலயத்தை நெடுங்காலம் காத்த அந்த வீரன் பெயரற்ற மன்னனைத் தேடி நாட்டை விட்டுப் போனதாகச் சொல்கிறது. நாம் கொன்றது யாரை? மாயைகள் நிறைந்த நகரம்தானே, அவனும் க்வின்டோலினின் மாயையாக இருக்கலாம் என்பது ஒரு பதில். ஆனால் சண்டையில் அவனைக் கடைசியாக வீழ்த்தினால் அவனுடைய ஆன்மா நம் கைக்கு வருகிறது. மாயைக்கு ஏது ஆன்மா? அந்த நாட்டில் காலமே நேராக ஓடுவதில்லை, பல நூற்றாண்டு வீரர்கள் வந்துவந்து மறைகிறார்கள் என்று சொலேர் சொல்வதை வைத்து விளக்குவது இன்னொரு பதில். அதை வைத்து எதை வேண்டுமானாலும் விளக்கிவிடலாம் என்பதால் எனக்கு அதில் திருப்தி இல்லை.

முதல் பாகம் எழுதும்போது மூன்றாம் பாகம் யார் மனதிலும் இருந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த உலகத்துக்குள் ஏன் இப்படி நடந்தது என்பது ஒரு கேள்வி. செய்தவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த மாதிரி இடங்களுக்கு நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு நல்ல வழக்கத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். தங்கள் பொருளைச் சொல்லிவிட்டு, வேறு விதமாகச் சொல்கிறவர்களும் இருந்தால் "என்பாரும் உளர்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். என் குறிப்பு நோட்டில் நான் அதையே எழுதிவைக்கிறேன். ஆர்ன்ஸ்டைன் மாயை, என்பாரும் உளர். அடுத்த முறை விளையாடும்போது அந்த வரியின் பக்கத்தில் ஏதாவது சேர்க்கக் கிடைக்கிறதா என்று பார்ப்பேன்.

பேசுகிற பாம்புகள்

பாத்திரங்கள் வாய்திறந்து சொல்வதை ஆரம்பத்தில் எல்லோருமே அப்படியே நம்புவோம். முதல் பாகத்தில் இரண்டு பெரும் பாம்புகள் வருகின்றன. ஃப்ராம்ப்ட் சொல்வது: தீ அணைகிறது, க்வினுக்கு அடுத்து நீ வா, தீயைத் திரும்ப மூட்டு, உலகத்தைக் காப்பாற்று. பெரும்பாலானோர் ஃப்ராம்ப்டை மட்டும் பார்த்துவிட்டு, தீயை மூட்டிவிட்டு, நல்லது செய்ததாக நினைத்து எழுந்துபோவார்கள். வேறு வரிசையில் விளையாடினால், இருட்டின் அடியாழத்தில் காத் என்ற இன்னொரு பாம்பைக் காணலாம். அது சொல்வது: க்வின் இருளைக் கண்டு பயந்தான், தீயின் யுகம் இயல்பாக முடிய வேண்டிய நேரத்தில் தன்னையே எரித்து அதை நீட்டினான், அடுத்து வரவேண்டியது மனிதர்களின் யுகம், அந்த நான்காவது பிக்மிதான் உங்கள் மூதாதை.

இரண்டும் உண்மையைப் பேசலாம், இரண்டும் பொய்யையும் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டுக்கும் நம்மிடமிருந்து ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்பது. காத் சொன்னது ரகசியமாக, கஷ்டப்பட்டுத் தேடிய பிறகு கிடைத்தது என்பதாலேயே பலர் அதுதான் நிஜம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்பது உண்மைக்கு அத்தாட்சி ஆகாது. அதைப் பொருள்களின் குறிப்புகளோடும், கண்ணால் பார்த்த இடங்களோடும் வைத்து உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் படிக்கும் ஆங்கிலக் குறிப்புகள் ஜப்பானிய மூலத்திலிருந்து வந்தவை. குரல்கள் மட்டும் முதல் பாகத்தில் ஜப்பானிலேயே ஆங்கிலத்தில்தான் ஒலித்தன. ஆகவே குறிப்பில் இருக்கும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் இரண்டாவது பொருளில் ஒரு மாளிகை கட்டினால், மூலத்தில் அந்த இரட்டைப் பொருளே இல்லாமல் இருக்கலாம். கேமின் கோப்புகளைத் தோண்டி எடுத்த, கடைசியில் சேர்க்காமல் விட்ட வசனங்களும் சுற்றிவருகின்றன. அவை சுவாரஸ்யமானவைதான். ஆனால் செய்தவர்களே வேண்டாம் என்று எடுத்துவிட்டது என்பதை மறக்காமல் தனியாக எழுதிவையுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: ஒரு நோட்டு போதும். ஒரு பொருள் கிடைத்தால் அதன் குறிப்பை அப்போதே படியுங்கள், பிறகு படிக்கலாம் என்று ஒத்திவைத்தால் இன்வென்டரியில் (சேர்த்த பொருள்களின் பட்டியலில்) நூறோடு நூற்றொன்றாகக் கலந்துபோகும். எந்த இடத்தில், யாருடைய பிணத்தின்மேல் அல்லது எந்தப் பெட்டிக்குள் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பைப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பொருள் கிடந்த இடம் அங்கே நிற்கும்போது மட்டும்தான் பேசும். யூடியூபில் விளக்க வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன, சில மிக நல்லவை. ஒருமுறையாவது நீங்களாகப் படித்து, தப்பான ஒரு முடிவுக்காவது வந்த பிறகு அவற்றைப் பாருங்கள்.

இடம் பேசும் என்றேனே, அந்த மூன்றாவது குறிப்பில் வந்த மந்திரம் எங்கே கிடைக்கிறது தெரியுமா? அனோர் லொண்டோவில் க்வினின் கல்லறைக்குள். அதன் வாசலில் க்வின்டோலின் காவல். மனிதக் கால் இங்கே படக்கூடாது என்று எச்சரிப்பான். அதையும் மீறி அவனை வீழ்த்திவிட்டு, முடிவில்லாததுபோல் நீளும் அந்தக் கூடத்தைக் கடந்து போனால் கடைசியில் ஒரு பெட்டி இருக்கும். அதில்தான் மகன் விட்டுவிட்டுப் போன மின்னல்.

அந்தக் கல்லறையில் க்வின் இல்லை. அவன் எங்கோ தொலைவில் முதல் தீக்குத் தன்னைக் கொடுத்துவிட்டு எரிந்துகொண்டிருக்கிறான். கேமின் கடைசியில் நாம் சந்திப்பதே அவனைத்தான். ஆக, அது உடல் இல்லாத கல்லறை. துரத்தப்பட்ட மகன் தகப்பனின் சவப்பெட்டிமேல் எதையோ வைத்துவிட்டுப் போனான் என்றால், அப்போது சவப்பெட்டி இருந்திருக்க வேண்டும். தகப்பன் இறந்தவனாகக் கருதப்பட்ட பிறகு மகன் அங்கே நின்றிருக்கிறான், அல்லது உயிரோடு இருந்தபோதே அவனுக்குப் பெட்டி தயாராகிவிட்டது. இதுவரை குறிப்பிலிருந்து போகலாம்.

அதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கல்லறையை யாரையும் அண்டவிடாமல் காத்தவன் க்வின்டோலின். பெயர் பறிக்கப்பட்ட அண்ணன் அங்கே வந்தபோது, அந்தக் கதவை அவனுக்குத் திறந்துவிட்டது யார்? என் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் "என்பாரும் உளர்" என்று எழுதக்கூட எதுவும் இல்லை. வெறும் இடம்தான் விட்டுவைத்திருக்கிறேன்.